மாட்டுக்கும் ஒரு தேதி

இலங்கையின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் தாராளமானது: வேலையாட்களில் நூற்றுக்கு 40 பேர் ஒரு சங்கத்தில் இருந்தால், முதலாளி அதோடு பேச மறுக்கக்கூடாது. மட்டக்களப்பின் மண்டூர் வயலில் இதைச் சொன்னால், காணிக்காரப் போடியார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். சங்கமே இல்லை, நூற்றுக்கு எத்தனை என்று எதை எண்ணுவது?

ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. போகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் நடக்கும். விதைப்பு எப்போது, குளத்துத் தண்ணீர் எப்போது, மாடுகளை வயற்பக்கமிருந்து அகற்றுவது எப்போது, எல்லாம் காணிக்காரர் கையுயர்த்தி முடிவாகும். முழங்கால் சேற்றில் நிற்கப்போகிற கூலிக்காரருக்கோ, வயல் வேலையை மேற்பார்க்கிற முல்லைக்காரர் வீட்டுப் படலையில் வந்து சொன்னால்தான் சங்கதி தெரியும். கூலி எவ்வளவு என்பது அந்தக் கூட்டத்தின் பேச்சே இல்லை. மாட்டுக்காவது ஒரு தேதி குறிக்கிறார்கள். அடுத்த தொழிற்சட்டம் எழுதப்போகிற ஐயாமாரே, வரைவை ஒருக்கா வரம்பில் நின்று வாசித்துக் காட்டுங்கள்.