முக்கால் மணிப் புளுகு

சென்னைக்கும் பெங்களூருக்கும் நேர்கோட்டில் தூரம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். விமானம் ஆகாயத்தில் இருப்பது முக்கால் மணி நேரம். டிக்கெட்டில் ஒரு மணிக்கு மேல் போட்டிருக்கும். லேட்டாகக் கிளம்பினாலும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதாக மைக்கில் பெருமை பேச வேண்டாமா? போன மாதம் நான் ஏறிய விமானம் பத்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பி, பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. அறிவிப்பைக் கேட்டு பக்கத்து சீட்காரர் கைதட்டினார். கேள்வித்தாளைத் தானே தயாரித்து, தானே எழுதி, தானே திருத்தி, தனக்கே நூறு மார்க் போட்டுக்கொண்ட பையனுக்குக் கைதட்டல் வேறு!

என் கணக்கைச் சொல்கிறேன். மயிலாப்பூரில் வாசல் தெளிக்கிற நேரத்தில், ஐந்து மணிக்குக் கிளம்பினேன். செக்யூரிட்டியில் பெல்ட், வாட்ச், பர்ஸ், சில்லறை என்று ஒவ்வொன்றாக டிரேயில் போட்டுவிட்டு, நழுவும் பேண்டை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையைத் தூக்கி நின்றேன். விமானத்தில் பறக்க வந்தவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அதிலும் ஸ்டாண்டிங்! இறங்கியது தேவனஹள்ளியில். 2008-இல் பெங்களூர்க்காரர்கள் ஊருக்கு வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்த விமான நிலையம் அது. ஹெப்பாள் மேம்பாலத்தில் என் டாக்சி நகராமல் கிடந்தபோது, விடிகாலை வந்தே பாரத்தில் கிளம்பியவர்கள் சிட்டி ஸ்டேஷனில் இறங்கிக் காபியே குடித்து முடித்திருப்பார்கள். ஜெயநகர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

இந்த லட்சணம் போதாதென்று பரந்தூரில் புது விமான நிலையம். சென்னையிலிருந்து எழுபது கிலோமீட்டர். எந்தத் திசையில்? காஞ்சிபுரம் பக்கம், அதாவது பெங்களூருக்குப் போகிற வழியிலேயே! ஆக, நாளைக்கு பெங்களூருக்குப் 'பறக்க' வேண்டுமானால் எழுபது கிலோமீட்டர் பெங்களூரை நோக்கி காரில் போய், பிறகு பறந்து, இறங்கி, மறுபடி முப்பத்தைந்து கிலோமீட்டர் காரில் போக வேண்டும். பக்கத்திலேயே 262 கிலோமீட்டருக்கு எக்ஸ்பிரஸ்வே போடுகிறார்கள். அது முடிந்தால் மூன்று மணி நேரத்தில் பெங்களூராம். அப்புறம் இந்த விமானத்தில் ஏறப்போவது யார்?

"டெல்லிக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் ஏறுவார்கள், மீனம்பாக்கத்தில் இடமில்லை" என்பார்கள். உண்மைதான், இடமில்லை. புது நிலையத்துக்கு நிலம் கேட்கும் ஏகனாபுரம் கிராமத்தில் இருக்கிறதா? அங்கே இருப்பது வயலும் ஏரியும் வீடும். கம்பன் கால்வாய் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. ஐயாயிரம் ஏக்கர் என்று வரைபடத்தில் கோடு போட்டவருக்குத் தண்ணீர் நீலமாகத்தான் தெரிந்திருக்கும், ஈரமாக இல்லை.

2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து வயல் வேலை முடிந்து வந்தவர்கள் இரவு இரவாக உட்கார்ந்து போராடினார்கள். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோட்டைக்குக் கேட்கவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலை ஏறக்குறைய ஊரே புறக்கணித்தது. ஓட்டுச்சாவடியில் அலுவலர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் டெல்லியிலிருந்து கொள்கை அளவிலான ஒப்புதல் ஜம்மென்று வந்து இறங்கியது.

கைதட்டுவதற்கு அந்தப் பக்கத்து சீட்காரரைத்தான் தேட வேண்டும்.