ரீமேப் செய்தால் வாரண்டி நிற்குமா?

*டீசல் காருக்கு ரீமேப் செய்யப் போகிறேன். சர்வீஸுக்கு விடும் முந்தின நாள் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டால் கம்பெனிக்குத் தெரியாது என்கிறார் ஒர்க்‌ஷாப் ஆசான். நம்பலாமா?*
— பாறசாலை வாசகர்

ஆசானுக்கு என்ஜினைத் தெரியும், ஈ.சி.யூ.வுக்கு ஆசானைத் தெரியும்! பல வண்டிகளில், என்ஜினைக் கட்டுப்படுத்தும் இந்தக் கணினியில் மென்பொருள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு உள்ளேயே பதிவாகிறது. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றுவதும் ஒரு தடவை எழுதுவதுதான். எண்ணிக்கை குறையாது, ஒன்று கூடும். ஒயரிங்கில் இடையே மாட்டுகிற ட்யூனிங் பாக்ஸில் இந்தக் கணக்கு ஏறாமல் போகலாம். ஆனால் டர்போ அழுத்தம் அளவு மீறியதற்கான பிழைக் குறியீடு நினைவில் தங்கியிருக்கலாம். அப்படியே பிடிபடாவிட்டாலும், செய்ததை மறைத்து வாரண்டி கேட்பது ஏமாற்று வேலை. அதற்கு இந்தப் பகுதியில் வழி சொல்ல மாட்டேன்.

*அப்படியானால் ரீமேப் செய்த அன்றே முழு வாரண்டியும் போச்சா?*
— உதியன்குளங்கரை வாசகர்

டீலர் அப்படித்தான் சொல்வார். ஒரே வரியில் முடிகிற பதில் அவருக்கு வசதி. நியாயம் வேறு. எது கெட்டது, எதனால் கெட்டது என்று பார்க்க வேண்டும். ரீமேப்பில் டீசல் கூடுதலாகப் பாய்கிறது, டர்போ அழுத்தம் ஏறுகிறது, கிளட்ச் தாங்கட்டும் என்று கம்பெனி வைத்த முறுக்குவிசை வரம்பு தளர்கிறது. பிறகு டர்போ, இன்ஜெக்டர், பிஸ்டன், கிளட்ச், கியர்பாக்ஸ் இவற்றில் எது போனாலும் உங்கள் பக்கம் வாதிட அநேகமாக ஒன்றும் இருக்காது. ஆனால் பவர் விண்டோ மோட்டார் எரிந்ததற்கும் பெயிண்ட் உரிந்ததற்கும் ரீமேப்பைக் காரணம் காட்டினால் விடாதீர்கள்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில் இதற்கு நெருக்கமான ஒரு கொள்கை இருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது ஆணையம். அபராதத்தை எதிர்த்துப் பல நிறுவனங்கள் மேலே போயின. கவனியுங்கள், அது ரிப்பேர் பற்றிச் சொன்னது, ரீமேப் பற்றி அல்ல. ஆனாலும் சேதத்துக்கும் காரணத்துக்கும் தொடர்பு காட்டு என்று கேட்க உங்களுக்கு அது ஒரு பிடி.

*1.3 லிட்டர் டீசல் என்ஜின் ஸ்விஃப்டில் 75 குதிரைத் திறன், எர்டிகாவில் 90. ஒரே என்ஜின்தானே? என் ஸ்விஃப்டையும் 90 ஆக்கினால் என்ன?*
— தனுவச்சபுரம் வாசகர்

90 தருகிற என்ஜினில் டர்போவே வேறு. வேகத்துக்கேற்பத் தன் இறக்கைகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வகை. கம்பெனி இரும்பை மாற்றிக் கொடுத்த பலத்தை நீங்கள் எழுத்தை மட்டும் மாற்றி வாங்கப் பார்க்கிறீர்கள். வண்டி 90 தரலாம். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

*மாற்றம் செய்த என் வண்டி தமிழ்நாட்டுப் பதிவு, டி.என். 75. கேரள மோட்டார் வாகனத் துறை என்னை என்ன செய்ய முடியும்?*
— களியக்காவிளை வாசகர்

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸ் செய்யக்கூடியது அத்தனையும் இந்தப் பக்கம் அவர்களாலும் செய்ய முடியும். மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். பதிவின்போது தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. இதில் கேரள உயர் நீதிமன்றம் காட்டிய தளர்வை 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது பிரிவு 182ஏ.

*புல்லட்டுக்கு சைலன்சர் மட்டும் மாற்றினால்?*
— அமரவிளை வாசகர்

சத்தம் உங்களுக்கு, தலைவலி ஊருக்கு. அபராதம் மட்டும் உங்களுக்கே!

*அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி. கிட் மாட்டி ஆர்.சி.யிலும் ஏற்றிவிட்டேன். இனி வாரண்டிக்கு ஆபத்தில்லையே?*
— வெள்ளறடை வாசகர்

ஆர்.டி.ஓ. அனுமதித்தார் என்பதால் கம்பெனி பொறுப்பேற்காது. சட்டம் வேறு, வாரண்டி ஒப்பந்தம் வேறு. என்ஜின் வாரண்டி தொடருமா என்று மாட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். இப்போது கிட் விற்றவர் தந்த வாரண்டி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இன்றே எழுதித் தெரிவியுங்கள்.

*டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். ஸ்பீடு கவர்னரைக் கொஞ்சம் தளர்த்தித் தர ஆள் இருக்கிறது. எல்லாரும் செய்கிறார்களே?*
— நெய்யாற்றின்கரை வாசகர்

செய்யாதீர்கள். 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில் பள்ளிச் சுற்றுலா போன டூரிஸ்ட் பஸ் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் செத்தார்கள். ஐந்து பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். 80-க்குள் ஓட வேண்டிய பஸ் 97 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. கவர்னரில் கை வைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. இந்தக் கேள்வியில் வாரண்டியைப் பற்றிப் பேசவே எனக்கு மனமில்லை. தளர்த்தித் தருகிற அந்த ஆளிடம் அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

*ரீமேப் எதுவும் செய்யவில்லை. வெளியே ஆயில் மட்டும் மாற்றினேன். அதற்கே டர்போ வாரண்டி இல்லை என்கிறார்கள். வண்டி வாங்கியது நாகர்கோவிலில், வீடு இங்கே. வழக்குக்கு நாகர்கோவில் அலைய வேண்டுமா?*
— செங்கல் வாசகர்

வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குத் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தேவைப்பட்டால் பாகத்தை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஊற்றிய ஆயில் கம்பெனி சொன்ன தரம்தான் என்பதற்கு பில் வேண்டும், தேடி எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக் காலையில் டீலரிடம் போய் ஜாப் கார்டிலேயே மறுப்புக்கான காரணத்தை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லைக் கேட்டுக்கொண்டு வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.