அறுபது நிமிடமும் அறுபட்ட சரணமும்: கீரப்பாளையம் வட்டாரத்தில் ‘ஹிட்ஸ்’ தொகுக்கும் மரபு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வு முன்னுரை

ஒரு பாடகர் பாடிய நூற்றுக்கணக்கான பாட்டுகளில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி, ‘ஹிட்ஸ்’ என்று பெயர் வைத்து விற்பது மேல்நாட்டார் கண்ட உத்தி என்று பலரும் நம்புகிறார்கள். 1958-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஜானி மாதிஸின் தொகுப்பைத் தொடக்கமாகக் காட்டுவர். 1981-ல் வந்த குயீன் ராக் குழுவின் தொகுப்புதான் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் என்றும் அடித்துச் சொல்வர். விற்பனையை மறுக்க இக்கட்டுரைக்கு வழியில்லை. ஆனால் உத்தி எங்களுடையது. சிதம்பரத்தைச் சுற்றிய ஒரு சிறு நிலப்பரப்பில் இது ஆயிரம் ஆண்டுகளாக விளைகிறது என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம், சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவிலுள்ள கீரப்பாளையம். முதன்மைச் சான்று, எண்பதுகளில் பதியப்பட்ட ‘மலேசியா வாசுதேவன் ஹிட்ஸ்’ என்னும் கேசட் ஒன்று. மாதிரி அளவு: ஒன்று. புள்ளியியலார் பொறுத்தருள்க.

இயல் 1: ராக் பாடகர் யார்?

ராக் என்பதற்கு அகராதி தரும் பொருள் பாறை. பாறையை உருட்டினாற்போன்ற குரல் உடையவர் ராக் பாடகர் எனக் கொண்டால், எண்பதுகளின் தமிழில் அப்பட்டம் 1944-ல் மலேசியாவில் பிறந்த வாசுதேவனுக்கே உரியது. 1977-ல் ‘16 வயதினிலே’ அவரைத் தூக்கி நிறுத்தியது. 1980-ல் ‘முரட்டுக்காளை’யில் ரஜினிக்குப் பாடினார், அந்தப் பாட்டு ஒலிக்காத பொங்கல் எங்கள் பக்கம் கிடையாது. 1985-ல் ‘முதல் மரியாதை’யில் சிவாஜிக்குப் பாடினார். அதே ஆண்டு ‘ஒரு கைதியின் டைரி’யில் வில்லனாகவும் வந்தார். கதாநாயகனின் தொண்டையும் வில்லனின் முகமும் ஒருவரிடமே இருந்த வசதி மேல்நாட்டு ராக்கில் உண்டா என்பதை ஒப்பிலக்கியத் துறையினர் ஆராயலாம்.

இயல் 2: தொகுப்பாளர் மண்

தேவாரப் பதிகங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தன என்பது மரபு. அவற்றின் ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் வந்தால்தான் கதவைத் திறப்போம் என்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறக்கவைத்தான். உள்ளே புற்று. எண்ணெய் ஊற்றிக் கரைத்துப் பார்த்தால் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது. மன்னன் கலங்கியபோது, இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்தோம் என்று ஒரு குரல் கேட்டதாகத் திருமுறைகண்ட புராணம் கூறும். இன்று கையில் இருப்பது ஏறக்குறைய 800 பதிகம். ‘ஹிட்ஸ்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான வரையறையை எந்த ரெக்கார்டு கம்பெனியும் தந்ததில்லை.

தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி. ஊர், சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் பக்கத்திலுள்ள திருநாரையூர். பண் அமைத்துத் தந்தவர் விருத்தாசலம் பக்கம் எருக்கத்தம்புலியூரில் பாணர் குலத்துப் பெண் ஒருவர். வைணவத்துக்கு வந்தால், நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகள் காட்டுமன்னார்கோயில்காரர். வழிப்போக்கர்கள் சிலர் குடந்தைப் பெருமாள் மீது பத்துப் பாட்டுப் பாடக் கேட்டார். ஆயிரத்துள் இப்பத்து என்று முடிவில் வந்ததும், மீதி எங்கே என்று திருக்குருகூர் வரை போய்விட்டார். தொகுப்பைக் கேட்டுவிட்டு முழு ஆல்பம் தேடிப் போன முதல் ரசிகர் அவரே என்பது இவ்வாய்வின் துணிபு.

இயல் 3: அடியும் நிமிடமும்

தொகுப்புக்குத் தரம் மட்டும் போதாது, அளவும் வேண்டும். நான்கு முதல் எட்டு அடிவரை குறுந்தொகை; ஒன்பது முதல் பன்னிரண்டு, நற்றிணை; பதின்மூன்று முதல் முப்பத்தொன்று, அகநானூறு. குறுந்தொகையில் இரண்டு பாட்டு மட்டும் ஒன்பதடிக்கு நீண்டுவிட்டன. அவை எப்படி உள்ளே வந்தன என்று உரைகாரர்கள் திகைக்கலாம். கேசட் கடை வாசலில் நின்ற எவரும் திகைக்கமாட்டார். யாரோ கெஞ்சியிருப்பார்கள்.

நானும் கெஞ்சினேன். சிதம்பரத்து வீதி ஒன்றில் இருந்த ரெக்கார்டிங் கடையில், ரூல் போட்ட தாளில் பதினாலு பாட்டு எழுதி நீட்டினேன்.

“தம்பி, அறுபதுல பன்னெண்டுதான் ஏறும். நீ பதினாலு எழுதியிருக்க.”

“எப்படியாவது ஏத்துங்கண்ணே.”

“தொண்ணூறு வாங்கிக்க.”

“தொண்ணூறுல டேப்பு மெலிசு, சிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அண்ணன் பேசாமல் பதினாலையும் அட்டையில் எழுதினார். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுக்கு நாலரை நிமிடம் என்றால் ஏழு பாட்டுக்கு முப்பத்தொன்றரை. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ஆக, பக்கத்துக்கு நாலேகால் மீட்டர் நாடா பற்றாக்குறை. ஏழாம் பாட்டு இரண்டாம் சரணத்தில் நின்றது. அதுவும் ஒரு சொல்லின் பாதியில், ‘டக்’ என்று. தில்லையில் செல் செய்ததைச் சிதம்பரத்தில் நாலேகால் மீட்டர் செய்தது.

இயல் 4: வரிசை என்னும் இலக்கணம்

தொகுப்பு காதுக்குள் ஒரு வரிசையைத் தைத்துவிடுகிறது. சிதம்பரம் பஸ்ஸில் ‘முரட்டுக்காளை’ப் பாட்டு முடிந்ததும் என் வாய் கேசட்டின் அடுத்த பாட்டுக்குப் போய்விடும்; பஸ்ஸின் பென்டிரைவ் வேறெங்கோ போகும். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். பென்டிரைவில் ஆயிரம் பாட்டு இருக்கலாம். ஆனால் அதில் இடம் பிடிக்க எந்தப் பாட்டும் இன்னொன்றை வெளியே தள்ளவில்லை. அதைக் குவியல் எனலாம்; தொகை என ஏற்க இவ்வாய்வு மறுக்கிறது.

முடிவுரை

அண்மையில் கீரப்பாளையம் டீக்கடை ஒன்றில் அந்த ஏழாம் பாட்டை முழுதாகக் கேட்க நேர்ந்தது. ‘டக்’ வரவேண்டிய இடம் வந்தது. பாட்டு நிற்காமல் ஓடியது. அரைச் சொல்லாகவே நான் அறிந்திருந்த சொல், முழுச் சொல்லானது. அதன்பின் வந்த வரிகளுக்கும் எனக்கும் அறிமுகமே இல்லை; கல்யாண வீட்டில் உறவுமுறை தெரியாதவரைப் பார்த்துத் தலையாட்டுவதுபோல் கேட்டு முடித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல சரணம்தான். ஆனால் என் பாட்டு ‘டக்’ என்ற இடத்திலேயே முடிந்துவிட்டது. செல் அரித்த ஏடுகள் இன்று கிடைத்தாலும் ஓதுவார்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்பது மேலாய்வுக்கு உரியது.

கேசட் பத்திரமாக இருக்கிறது. போட்டுக் கேட்கத்தான் டேப் ரெக்கார்டர் இல்லை. ஓடுகிற நிலையில் யார் வீட்டிலாவது ஒன்று இருந்தால் சொல்லியனுப்புங்கள். சிக்கினால் சுற்றுவதற்கு ரெனால்ட்ஸ் பேனாவை நானே எடுத்துவருகிறேன்.