முதலில் வரலாறு, பிறகு நண்டு

ராமநாதபுரம் சீமையில் முதல் வழிகாட்டிச் சுற்றுலாவை நடத்தியவர் கலெக்டர் ஜாக்சன் என்பது என் கட்சி. வருஷம் 1798. பயணி ஒரே ஒருவர், பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன். கிஸ்தி பாக்கியைப் பேசித் தீர்க்கலாம், வந்து பார் என்றார் கலெக்டர். குற்றாலத்துக்குப் போனால் அங்கே பார்க்க முடியாது என்றார். பிறகு சொக்கம்பட்டி, சேத்தூர், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று துரை முன்னால் போகப் பாளையக்காரர் தன் ஆட்களோடு பின்னால் போனார். பேரையூர், கமுதி எல்லாம் சுற்றி ஏறத்தாழ 400 மைல். கமுதிப் பக்கத்து வெயிலில் நாலு எட்டு நடந்தவர்களுக்குத்தான் அந்தக் கணக்கின் அர்த்தம் தெரியும். கடைசி நிறுத்தம் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம். அங்கே மூன்று மணி நேரம் நிற்க வைத்தார். உட்கார நாற்காலி கொடுக்கவில்லை.

பாடப்புத்தகம் நாற்காலியைத்தான் பெரிய அவமானமாகச் சொல்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. அத்தனை தூரம் வந்த மனுஷனுக்கு ஒரு சொம்பு மோராவது கொடுத்தார்களா? அதைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரி கிடையாது. நடந்தது மட்டும் எல்லாருக்கும் தெரியும். கைகலப்பு மூண்டது, லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மன் தப்பினார், அவரோடு போன சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். சென்னையிலிருந்து விசாரணைக் குழு போட்டார்கள், ஜாக்சனின் பதவி போயிற்று. சுற்றுலா நடத்திய ஒருவருக்கு இதைவிட மோசமான மதிப்பெண் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இந்தப் பாடத்தை ஓய்வு பெறும்வரை கடலாடி வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் நடத்தியவன் நான். வரலாற்றுக்கு எப்போதும் நாலாவது பீரியட்தான். காலையில் பிள்ளைகளின் மூளை ஈரமாக இருக்கும் நேரத்தைக் கணக்கு வாத்தியாரும் இங்கிலீஷ் வாத்தியாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். மிச்சம் எனக்கு. நாலாவது பீரியடில் சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசம் ஜன்னல் வழியாக வரும். கரும்பலகைப் பக்கம் கிளார்க் குற்றுயிராகக் கிடப்பார், பெஞ்சில் பிள்ளைகள் தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். முட்டை போடுகிற நாளில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டால்கூட ஒரு முகத்திலும் வருத்தம் தெரியாது.

ஆகவே என் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்து, "மாமா, நம்ம பக்கம் ஹெரிட்டேஜ் வாக் ஆரம்பிக்கப்போறேன். காலையில வரலாறு, கடைசியில லோக்கல் ஃபுட்" என்றபோது எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. அவனுக்கு மென்பொருள் வேலை. சென்னையில் 2004இல் எஸ். முத்தையாவும் நண்பர்களும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டி மெட்ராஸ் தினம் கொண்டாட ஆரம்பித்த பிறகு, அங்கே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூட்டமாக நடப்பது ஒரு நல்ல குடும்பப் பழக்கம் ஆகிவிட்டது. இவனும் மயிலாப்பூரில் நடந்திருக்கிறான். கோயில், குளம், பழைய வீடு, கடைசியில் இட்லி. எந்த நூற்றாண்டு வீடு என்று கேட்டேன். இட்லிக்கு மூன்று சட்னி என்றான்.

நான் அவனுக்கு ஒரு பழைய விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தொழிலைத் தமிழர்கள் சங்க காலத்திலேயே கரைத்துக் குடித்துவிட்டார்கள். சிறுபாணாற்றுப்படை முழுக்க வேறென்ன? பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், பசியோடு எதிரே வருகிற பாணனுக்கு நல்லியக்கோடனின் ஊருக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினத்துக்குப் போனால் சுட்ட குழல்மீன், வேலூரில் எயிற்றியர் ஆக்கிய சுடுசோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும். 269 அடிப் பாட்டில் கோட்டை, கொத்தளம் எல்லாம் வருகிறது. ஆனால் படித்தவன் வாயில் ஊறுவது நண்டு. அதைப் பாடிய நத்தத்தனாருக்கு ஒரு சூட்சுமம் தெரிந்திருந்தது. சாப்பாட்டைக் கடைசிவரை ஒளித்து வைக்கக் கூடாது. ஊருக்கு ஊர் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

"அப்ப கடைசி டேஸ்டிங் கிடையாதா மாமா?"

"எல்லா ஊர்லயும் டேஸ்டிங்."

இந்த இடத்தில் அடுப்படியிலிருந்து என் சம்சாரம் வந்தாள். "அது என்னடா டேஸ்டிங்கு?" சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஒவ்வொன்றும் ஒரு கரண்டி, ருசி பார்ப்பதற்கு மட்டும் என்று அவன் விளக்கினான். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "கொழம்புல உப்பு இருக்கான்னு பாக்கத்தான்டா ருசி பாப்பாக. வீட்டுக்கு வந்தவுகளுக்குச் சோறு போடுவாக." உலகம் முழுக்க இந்தச் சுற்றுலாக்களின் அடித்தளமே அந்தச் சின்னக் கிண்ணம்தான் என்று அவன் வாதாடினான். அவள் உள்ளே போய்ப் பரணில் இருந்த பெரிய சட்டியை இறக்கினாள்.

பங்குனி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வெள்ளோட்டம். சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். ஐ.டி. பிள்ளைகள், வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும், தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஒரு கல்லூரிப் பேராசிரியை. நடைப்பயணம் என்று நோட்டீஸில் இருந்தாலும் வேன் பிடித்திருந்தோம். எங்கள் மாவட்டத்தில் ஒரு சரித்திரத்துக்கும் அடுத்த சரித்திரத்துக்கும் நடுவில் குறைந்தது ஐந்தாறு மைல் சீமைக் கருவேலம் நிற்கும். அதற்கு நிழலும் கிடையாது, வரலாறும் கிடையாது.

ராமலிங்க விலாசத்தில் என் குரல் நன்றாகவே எடுபட்டது. கிழவன் சேதுபதி கட்டிய மண்டபம், சுவரிலும் கூரையிலும் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள். தஞ்சாவூர் மராட்டியர்களோடு சண்டை, ராமாயணம், சேதுபதி ஐரோப்பியர்களை வரவேற்கிற காட்சி. கழுத்தை நிமிர்த்தியே பார்க்க வேண்டும். பேராசிரியை நோட்டில் எழுதினார். ஒரு பையன் கையைத் தூக்கியதும் எனக்குப் பூரிப்பு.

"சார், அடுத்த ஸ்டாப்லதானே பாயசம்?"

திருப்புல்லாணி. ஆதி ஜகந்நாதப் பெருமாள். கடலரசனிடம் வழி கேட்டு ராமர் தர்ப்பைப் புல்லின் மேல் மூன்று நாள் கிடந்த தலம். ராமரே காத்துக் கிடந்தாரா என்று சென்னைப் பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். சாயல்குடி பஸ்ஸுக்கு நின்று பழகிய எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தசரதர் பிள்ளை வரம் கேட்டு வந்ததும் இங்கேதான் என்கிறது தலபுராணம். அதனால் பிள்ளையில்லாதவர்கள் நாகப்பிரதிஷ்டை செய்து பால் பாயசம் வாங்கிக் குடிப்பது வழக்கம். இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது, ஆகவே யாரும் கேட்கவில்லை. வங்கிக்காரரும் அவர் மனைவியும் இரண்டாம் முறை கையை நீட்டினார்கள். பட்டர் ஒரு கணம் இருவரின் நரைத்த தலையையும் பார்த்தார். "தசரதருக்கு நாலு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊற்றினார். வேனில் ஏறிய பிறகுதான் அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. கீழக்கரைவரை கணவரோடு பேசவில்லை.

வழியில் பனங்காட்டு ஓரம் பதநீர். பட்டையைக் கையில் பிடிக்கத் தெரியாமல் பாதி சட்டையில் போயிற்று. ஓர் ஐ.டி. பையன் ரகசியமாக, "இது போதை ஏறுமா சார்?" என்றான். ஏறாது, கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறது, புளிக்காது என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. அவனைத் தேற்றுவதற்காக தாமஸ் குக் கதையைச் சொன்னேன். 1841 ஜூலையில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஏறக்குறைய ஐந்நூறு பேரை ரயிலில் கூட்டிப்போனவர். உலகத்துக் கூட்டச் சுற்றுலாவுக்கே அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள். அந்த ஐந்நூறு பேரும் போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு. பையன் இன்னும் வாடினான்.

கீழக்கரையில் ஜும்மா பள்ளி. கல் தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் கட்டிய கை என்று சொல்லிவிடலாம். வள்ளல் சீதக்காதி அடங்கியிருப்பது அதன் பக்கத்தில். பதினேழாம் நூற்றாண்டுக் கப்பல் வணிகர், கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர், செத்த பிறகும் கொடுத்தார் என்று பேர் வாங்கியவர். இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம் தொதல்.

தொதல் தெரியாதவர்களுக்கு: தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் பெரிய சட்டியில் மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் கக்கும்போது இறக்குவது. கறுப்பாக, பளபளவென்று இருக்கும். இலங்கையிலும் மலேயாவிலும் ஜாவாவிலும் இதே பண்டத்தை இதே மாதிரி கிண்டுகிறார்கள். கீழக்கரைக் கப்பல் எங்கெங்கே போய் வந்தது என்பதற்கு எனக்கு வேறு கல்வெட்டு வேண்டாம். அதோடு, ஒரு துண்டை வாயில் போட்டால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிஷம் யாராலும் பேச முடியாது. என் வாழ்நாளில் அப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததில்லை. முத்து வணிகம், மிளகு, டச்சுக்காரர்கள் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். ஆட்சேபிக்க வாயைத் திறக்கப் பார்த்த பேராசிரியையைத் தொதல் தடுத்துவிட்டது. வரலாற்றுத் துறைகள் இதைப் பரிசீலிக்கலாம்.

ஏர்வாடி, வாலிநோக்கம் உப்பளம் எல்லாம் ஜன்னல் வழியாகப் போயின. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எழுந்திருந்த ஒருவர், கடலாடி எந்தக் கடற்கரையில் இருக்கிறது என்று கேட்டார். கடலாடியில் கடல் இல்லை, கடல் பார்க்க நாங்களும் இப்படி மாரியூருக்குத்தான் பஸ் ஏறி வரவேண்டும் என்றேன்.

மாரியூர் மணலில்தான் நோட்டீஸில் சொன்ன நடை நடந்தது. பூவேந்தியநாதர் கோயிலிலிருந்து தண்ணீர்வரை. சித்திரைத் திருவிழாவில் இங்கே வலைவீசும் படலம் நடத்துவார்கள். செம்படவராக வந்து வலை போட்ட சிவபெருமானின் திருவிளையாடல். சாமியே மீன் பிடித்த கரை என்று நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் மைத்துனர் வீட்டு முற்றத்திலிருந்து காற்று திரும்பியது. நண்டு வாசம். வரிசை கலைந்தது. சத்துணவு மணி அடித்தால் பிள்ளைகள் ஓடுகிற அதே ஓட்டம். காமராஜரும் எம்.ஜி.ஆரும் கண்டுபிடித்த உண்மைக்கு வயது வரம்பு கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அக்கா மகன் கொண்டுவந்திருந்த சின்னக் கிண்ணங்களில் என் சம்சாரம் ஊறுகாயும் உப்பும் வைத்திருந்தாள். சோறு வாழை இலையில். நண்டுக் குழம்பு, சீலா வறுவல், கணவாய்த் தொக்கு. சைவம் என்று சொன்ன பேராசிரியைக்குக் குதிரைவாலிச் சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும். எல்லாவற்றிலும் எங்கள் குண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள், யார் காதிலும் விழவில்லை. கரிகாலன் வீட்டில் இரவும் பகலும் கறி தின்று பல் மழுங்கிப்போன பொருநனைப் பொருநராற்றுப்படையில் படித்தபோது புலவர் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். பதநீரில் ஏமாந்த அந்தப் பையன் ஏழாவது நண்டுக் காலைக் கடித்ததைப் பார்த்த பிறகு முடத்தாமக்கண்ணியார் மேல் எனக்கு முழு நம்பிக்கை.

போகும்போது கருத்துப் படிவம் கொடுத்து எழுதச் சொன்னான் அக்கா மகன். ராத்திரி உட்கார்ந்து வாசித்தோம். "தொதல் எங்கே வாங்கலாம்?" "நண்டுக்குத் தேங்காய் அரைத்தீர்களா, பால் ஊற்றினீர்களா?" "பாயசத்தைக் கடைசியில் வைக்கவும்" (இது வங்கிக்காரர் மனைவியின் கையெழுத்து). "அடுத்த தடவையும் ஆன்ட்டி வருவாங்களா?" வரலாற்றைப் பற்றி ஒரே ஒரு வரி, பேராசிரியை எழுதியது: முத்துக்குளிப்பு பற்றிச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை, அப்போது வாய் திறக்க முடியவில்லை.

அவன் மறுநாளே புது நோட்டீஸ் அடித்துவிட்டான். மேலே பெரிய எழுத்தில் பாயசம், பதநீர், தொதல், நண்டு. நடுவில் 'மாரியூர் அத்தை கைப்பக்குவம்'. அடியில், கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில், 'வழியில் வரலாறும் சொல்லப்படும்'.

"மாமா, உங்க பேரைப் போடலாமா?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் சம்சாரம் சட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "போடு, போடு. ஆனா இலையில சோறு விழுந்த பெறகு இவுக வாயத் தெறக்கக் கூடாதுன்னு அதுக்குக் கீழயே ஒரு வரி சேத்துக்க."