காட்சியும் கைப்பிடியும்

அமெரிக்க நாட்டு யூட்டா மாகாணத்திலே, மோவாப் என்னும் சிற்றூருக்கு அருகே, கொலராடோ நதியைக் கீழே பார்த்தபடி செம்பாறை விளிம்பில் செல்லும் போர்க்குபைன் ரிம் ஒற்றையடிப் பாதையின் சௌந்தர்யத்தைத் தரிசிப்பதற்கென்றே, மோட்டார் வண்டியின் விலைக்குச் சைக்கிள் வாங்கி, அதைப் பெட்டியிலிட்டு ஆகாய மார்க்கமாகக் கொண்டுவரும் கனவான்கள், வழி நெடுகிலும் முன்சக்கரத்துக்கு எதிரே நாலு முழப் பூமியையன்றி வேறொன்றையும் ஏறிட்டுப் பார்க்க முடியாதவர்களாய், இரு பிரேக்குகளிலும் விரல் பதித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். காட்சியைக் காணும் பாக்கியம் தலைக்கவசத்தின் மேலிருக்கும் காமிராவுக்கே வாய்க்கிறது. அதுவும் குலுங்கிக் குலுங்கி. 1950களில் யுரேனியம் தேடி இப்பிரதேசத்தில் அலைந்தவர்களாவது, நடுவழியில் நின்று ஒரு சுருட்டுப் பற்றவைத்திருப்பார்கள். பாதையோரத்துக் கருமண் பொருக்கோ நுண்ணுயிர்கள் கட்டியது. அதில் பதிந்த ஒரு சக்கரத்தடம் ஆறப் பல்லாண்டுகள் பிடிக்கும். ஆகையால், விழ நேர்கிற கனவானும் தயவுசெய்து பாதைக்குள்ளேயே விழுவாராக.