பேச வரும், படிக்க வராது

கேள்வி: கல்பாத்தியில் வளர்ந்த என் மருமகள் தமிழில் பொரிந்து தள்ளுகிறாள், ஆனால் பஸ் போர்டு படிக்கத் திணறுகிறாள். சோம்பேறித்தனமா?
– வாசகி, கோவை

பதில்: இல்லவே இல்லை, அம்மா! 1956-க்குப் பின் கல்பாத்தி கேரளம். அக்ரஹாரத்துத் திண்ணையில் பாட்டி அதட்டுவது தமிழில். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கடைப்பலகை எல்லாம் மலையாளம். பின்னால் வந்த கேரளத்தின் 2017 சட்டமோ பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. அவள் எங்கே தேர்ந்தெடுத்தாள்? அதே பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பிறந்திருந்தால் தமிழ்வழிப் பள்ளி பக்கத்திலேயே இருந்திருக்கும்.

அதற்காகக் கல்பாத்திக்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் நோட்டில் எழுதிவைத்துப் பாடுகிறவர்கள் அங்கே உண்டு. இதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேண்டுமா? ழகரம் மலையாளத்திலும் இருப்பதால், ‘வாழைப்பளம்’ என்றால் மருமகள் உங்களைத் திருத்துவாள்; திருத்திக்கொள்ளுங்கள். கல்பாத்தியின் ஐப்பசித் தேருக்குச் சம்பந்தி வீடு போகும்போது தமிழ் வார இதழ் ஒன்று வாங்கிப் போங்கள். சினிமாத் துணுக்கிலிருந்து மருமகள் படிக்க ஆரம்பிக்கட்டும்.