பாத்தியா? ஓடிடி ஆற்றுப்படை குறித்து ஓர் ஆய்வு

பாட்டியல் நூலார் சிற்றிலக்கிய வகைகளை 96 என்று எண்ணி முடித்தார்கள். 97-ஆவதாக ஒன்றைச் சேர்க்கும் நோக்கம் இக்கட்டுரைக்கு இல்லை. வழக்கொழிந்துவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஆற்றுப்படை அலுவலகக் கேன்டீனிலும் மின்சார ரயிலிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் நாள்தோறும் இயற்றப்பட்டு வருகிறது என்பதும், அதன் கடைசி உறுப்பு ஒன்று திரிந்துபோனதால் அது இன்று கடன் பத்திரமாகிவிட்டது என்பதுமே இங்கு நிறுவப்படவிருப்பவை. “மச்சி, நெட்ஃபிளிக்ஸ்ல ஒண்ணு பாத்தேன், செமயா இருக்கு, கண்டிப்பா பாரு” என்ற வாக்கியத்தை மூலபாடமாகக் கொள்கிறோம். பாடபேதங்கள் உண்டு. “மச்சி” வரும் இடத்தில் சில பிரதிகளில் “சித்தப்பா” என்றும் சிலவற்றில் “மேடம்” என்றும் காணப்படுகிறது. அதற்கேற்ப “பாரு” என்பது “பாருங்க” என்று நீள்கிறது. “கண்டிப்பா” மட்டும் எல்லாப் பிரதிகளிலும் அப்படியே இருக்கிறது.

ஆற்றுப்படைக்கான இலக்கணத்தைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் தருகிறது. கூத்தரோ பாணரோ பொருநரோ விறலியோ வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் வழியில், தம்மைப்போல் வறுமைப்பட்டு வரும் இன்னொருவரைக் கண்டு, தாம் பெற்றதைச் சொல்லி அவரும் போய்ப் பெற வழிகாட்டுவது. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், இவ்வகையைச் சேர்ந்தவை. இதன் முதல் உறுப்பு வறுமை. சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணன் வீட்டு அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் கிடக்கிறது; உப்பில்லாமல் வேகவைத்த வேளைக்கீரையை, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். இன்றைய வறுமை சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நேர்கிறது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகப்புப் படங்களை மேலும் கீழும் இடமும் வலமுமாகத் தள்ளி, தட்டில் இருந்த தோசை ஆறி வறட்டியான பிறகு, “ஒண்ணுமே இல்லப்பா இதுல” என்கிறார் குடும்பத் தலைவர். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 2015-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின்படி, 60 முதல் 90 நொடிகளுக்குள் எதுவும் அகப்படாவிட்டால் பார்வையாளர் ஆர்வம் இழந்துவிடுகிறார். இது இல்லாமையால் வந்த வறுமை இல்லை, மிகுதியால் வந்தது என்று பிரித்துக் காட்டலாம்தான். பசித்தவருக்கு அந்தப் பகுப்பாய்வால் பயன் ஏதுமில்லை.

இரண்டாவது உறுப்பு வழி. “எதுல இருக்கு?” என்று இரவலர் கேட்க, “பிரைம்ல” என்று வழிகாட்டி ஊர்ப்பெயர் சொல்கிறார். வழியைச் சொன்னால் போதாது, வழியிலுள்ள இடர்களையும் சொல்ல வேண்டும் என்பது மரபு. இதில் மலைபடுகடாம்தான் முதன்மைச் சான்று. நன்னனைக் காணப் போகும் கூத்தனிடம், தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், பாம்புகள் பதுங்கும் குழிகள் இருக்கும், காவல்காரர் வீசும் கவண்கல் வரும், பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொண்டு நட என்றெல்லாம் விரிவாக எச்சரிக்கிறார்கள். நம் காலத்து வழிகாட்டியும் இம்மரபில் அணுவளவும் குறைவைப்பதில்லை. “முதல் மூணு எபிசோடு கொஞ்சம் ஸ்லோவாதான் போகும், தாங்கிக்கோ, நாலாவதுல பிடிச்சிரும்.” “டப்பிங்ல மட்டும் பாத்துராத.” “வீட்ல பெரியவங்க இருக்கறப்ப போடாத.” மூன்று பருவங்களில் 26 பகுதிகள் கொண்ட ‘டார்க்’ என்னும் ஜெர்மன் தொடருக்கு வழிகாட்டுபவர்கள், யார் யாருக்கு அப்பா, யார் யாருக்கு மகன் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்வது வழக்கம், கொடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன அதே பரிவுதான் இது. பண்டைய ஆற்றுப்படைகளில் எந்த ஊரில் சுட்ட மீன் கிடைக்கும், எந்த ஊரில் நண்டோடு வெண்சோறு கிடைக்கும் என்ற பகுதியும் வரும். அது மட்டும் உதிர்ந்துவிட்டது. உணவை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகள் பெருகிய பின் அதற்கு வேலை இல்லை.

மூன்றாவது உறுப்பு, பெற்ற பரிசிலைப் புகழ்வது. இங்கே ஒரு நெருக்கடி உண்டு. கதையைச் சொல்லக் கூடாது. சொன்னால் அது ஸ்பாய்லர். அந்தக் குற்றத்துக்கு நட்பு வட்டாரங்களில் மன்னிப்பே கிடையாது. படத்தைப் பற்றிப் பேச வாயடைத்துப்போன வழிகாட்டிக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று அவருடைய உடம்புதான். ஆகவே “புல்லரிச்சிருச்சு” என்கிறார். “ரெண்டு நாள் தூக்கமே வரல” என்கிறார். “கிளைமாக்ஸ்ல அழுதுட்டேன்” என்கிறார். இதிலும் புதுமை ஏதுமில்லை. கரிகாலன் அவையில் இரவும் பகலும் இறைச்சி தின்றதால் தன் பற்கள் உழுத கொழுவைப்போல் மழுங்கிவிட்டன என்று பொருநராற்றுப்படையின் பொருநன் தன் வாயைத்தானே சான்று காட்டினான்? உடம்பும் போதாத இடத்தில் மொழி உதவிக்கு வருகிறது. “மலையாளப் படம்” என்று சொன்னாலே தமிழ்நாட்டில் பாதி வாதம் முடிந்துவிடும். ‘ஜோஜி’, ‘மின்னல் முரளி’ ஆகியவை 2021-இல் நேரடியாக ஓடிடியில் வந்தபோது அவற்றைப் பரிந்துரைத்தவர்கள் ஃபகத் ஃபாசிலின் பெயரையோ டொவினோ தாமஸின் பெயரையோ சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாலே போதுமாக இருந்தது. அந்தப் பெருமூச்சு தமிழ் சினிமாவைக் குறித்தது என்பதைக் கேட்பவர் தாமே புரிந்துகொள்வார்.

புரவலனின் கொடை பற்றி ஓரிரு சொற்கள். பாணன் தன் சுற்றத்தையும் கூட்டிக்கொண்டுதான் போவான். ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் வந்த தலைகளை எண்ணிப் பார்த்ததாகக் குறிப்பு இல்லை. நெட்ஃபிளிக்ஸோ 2023 ஜூலையில், ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு மட்டுமே என்று இந்தியாவிலும் அறிவித்தது. அதுவரை “பாஸ்வேர்டு அனுப்பறேன்” என்று வழியோடு சாவியையும் சேர்த்துத் தந்த வழிகாட்டிகள் அன்றோடு வெறும் வாய்ச்சொல் வீரர்களாயினர்.

இதுவரை எல்லாம் பொருந்துகிறது. திரிபு நேர்வது இனிமேல்தான். பழைய ஆற்றுப்படையில் வழிகாட்டி வழியைச் சொல்லிவிட்டுத் தன் போக்கில் போய்விடுகிறான். கரிகாலனிடம் போகச் சொன்ன பொருநன், மறுவாரம் அதே மரத்தடியில் நின்றுகொண்டு “போனியா?” என்று கேட்டதாகப் பாட்டின் 248 அடிகளில் எங்கும் இல்லை. நம் வழிகாட்டி கேட்கிறார். திங்கட்கிழமை காலை, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில், “பாத்தியா?” இந்த ஒற்றைச் சொல்தான் நவீன ஆற்றுப்படையின் மையம், முன்னால் வந்த வறுமை, வழி, புகழ் எல்லாம் இதற்கான முகாந்திரங்களே. இச்சொல் மூன்று படிநிலைகளில் வளர்கிறது. முதல் வாரம் “பாத்தியா?”, மூன்றாம் வாரம் “இன்னுமா பாக்கல?”, இரண்டு மாதம் கழித்து, கேள்விக்குறியே உதிர்ந்து, “நீயெல்லாம் எங்க பாக்கப் போற”. மூன்றாம் படியில் பேச்சு படத்தை விட்டு நீங்கி ஒருவரின் குணநலன் குறித்ததாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். கடன் கொடுத்தவர் கடைசியில் பேசுவதும் பணத்தைப் பற்றியல்ல, வாங்கியவரின் நாணயத்தைப் பற்றித்தான். கடனின் அளவும் சிறிதன்று. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் 62 பகுதிகள். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 46 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. லிஃப்ட் மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளம் வந்து சேர்வதற்குள் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் தலையில் இத்தனை நேரத்தை ஏற்றிவிட முடிகிறது.

திரையரங்குக் காலத்திலும் படம் பார்க்கச் சொல்லும் பழக்கம் இருந்ததே, அப்போது இல்லாத கடன் இப்போது எப்படி வந்தது என்று ஒரு தடை எழுப்பப்படலாம். தகுந்த தடைதான். விடை, காலவரம்பில் இருக்கிறது. அன்று எந்தப் படமும் ஒருநாள் தியேட்டரை விட்டுப் போயாக வேண்டும். “போகலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள தூக்கிட்டாங்க” என்று சொன்னால் கடன் அங்கேயே தீர்ந்தது. இரு தரப்பாரும் கூடி நின்று தியேட்டர்காரரைத் திட்டிவிட்டுக் கலைந்தார்கள். அதற்கும் தப்பியவர்களை “இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக” என்று வந்த ஒரு தீபாவளியோ பொங்கலோ கரையேற்றியது. 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ தியேட்டரையே பார்க்காமல் நேராக ஓடிடிக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘சூரரைப் போற்று’ வந்தது. தியேட்டருக்கே வராத படத்தை யாரும் தூக்க முடியாது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம்கூடச் சாதாரணக் கைமாற்றுக் கடனுக்கு மூன்று ஆண்டு கெடுதான் தருகிறது. அதற்குப்பின் வழக்குப் போட முடியாது. பரிந்துரைக் கடனுக்கு அந்தச் சலுகை இல்லை. 2022-இல் ‘சுழல்’ பார்க்கச் சொன்னவர் இன்றைக்கும் கேட்கலாம், கேட்கிறார். அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் தம் கையொப்பத்தோடு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டுவிட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு எண்ணத் தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் “லிஸ்ட்ல போட்டு வெச்சிருக்கேன், இந்த வீக்எண்ட் பாத்துடறேன்” என்று நாம் அனுப்பும் செய்தி அத்தகைய ஒப்புகையே. அதோடு சேர்த்தனுப்பும் கட்டைவிரல் படம் கையொப்பமாகுமா என்பதை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். கைநாட்டுக்கு இந்த நாட்டில் நெடிய வரலாறு உண்டு என்று மட்டும் நினைவூட்டலாம்.

ஓடிடியிலிருந்தும் படங்கள் போகின்றனவே, உரிமம் முடிந்தால் எடுத்துவிடுகிறார்களே என்பது அடுத்த தடை. உண்மை. ஆனால் அவை மறைவதில்லை, வேறொரு செயலிக்குக் குடிபெயர்கின்றன. குடிபெயர்ந்த செய்தியைக் கடன் கொடுத்தவர் உங்களுக்கு முன்பே அறிந்து, “இப்ப ஹாட்ஸ்டார்ல வந்திருச்சு” என்று தகவல் அனுப்புகிறார். தப்பித்தோம் என்று நினைத்தவருக்கு இதன் மூலம் கூடுதலாக ஒரு சந்தாவும் சேருகிறது.

மனிதர் எதற்கு, எந்திரமே பரிந்துரைக்கிறதே என்பார்கள் தொழில்நுட்பப் பற்றாளர்கள். எந்திரத்தின் வரலாறு இவ்வாறு இருக்கிறது. தன் கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்துபவருக்கு 10 லட்சம் டாலர் என்று நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் போட்டி அறிவித்தது. பார்வையாளர்கள் தந்த 10 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களைப் போட்டியாளர்களிடம் கொடுத்தது. மூன்றாண்டு உழைப்புக்குப் பின் 2009-இல் ஒரு குழு பரிசை வென்றது. வென்ற முறையை நிறுவனம் முழுதாகப் பயன்படுத்தவே இல்லை. 2017-இல் நட்சத்திர மதிப்பீட்டையே எடுத்துவிட்டு, கட்டைவிரல் மேலே, கீழே என்று மாற்றிக்கொண்டது. மக்கள் உயர்ந்த ஆவணப்படத்துக்கு நட்சத்திரத்தை வாரிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் லேசான நகைச்சுவையைத்தான் போடுகிறார்கள் என்பது அப்போது பேசப்பட்ட காரணங்களுள் ஒன்று. நம் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை: நாம் பிறருக்குச் சொல்வது நாம் பார்த்துக் களித்ததை அல்ல, பார்த்ததாக அறியப்பட விரும்புவதை. எந்திரம் நாம் பார்ப்பதை அறியும். நண்பர் நாம் சொன்னதை மட்டும் அறிவார். எந்திரத்தின் பெருந்தன்மையும் இங்கே பதிவு செய்யத்தக்கது. அது வாரக்கணக்கில் ஒரே படத்தை நீட்டினாலும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பதில்லை. “இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?” என்று அது கேட்பதெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவரிடம்தான், அதுவும் அவர் சோபாவில் தூங்கிப்போனாரோ என்ற கவலையில்.

அன்பினால் சொல்வதைக் கடன் என்று கொச்சைப்படுத்தலாமா என்ற கடைசித் தடை உணர்ச்சி சார்ந்தது என்றாலும் புறக்கணிக்கத்தக்கதன்று. அன்பும் கடனும் ஒன்றாக இருக்க முடியாது என்று மொய் எழுதும் நாட்டில் யாரும் வாதிட மாட்டார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்து மொய் விருந்துகளில் கறிச்சோறு பரிமாறும் கையில் இருக்கும் அன்பு உண்மை. பக்கத்து மேசையில் விரிந்திருக்கும் நோட்டும் உண்மை. மொய்யிலாவது திருப்பிச் செய்தால் கணக்குத் தீரும். பரிந்துரையில் பார்த்து முடித்தாலும் தீர்வதில்லை. “பாத்துட்டேன்” என்றவுடன் “எப்படி?” என்று வட்டி கேட்கப்படுகிறது. “பரவால்ல” என்று சொல்வது வாங்கிய தொகையைச் சில்லறையாகத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம். உடனே விசாரணை தொடங்கும்: “எத்தனை எபிசோடு பாத்த? போன நோண்டிக்கிட்டே பாத்தியா?” “எனக்கு ஒட்டல” என்றால் நட்பில் விரிசல். “செமயா இருந்துச்சு” என்று முழுத் தொகையையும் எண்ணி வைத்தாலோ, “அப்ப இது பிடிச்சிரும் உனக்கு” என்று அடுத்த கடன் அங்கேயே எழுதப்படுகிறது. எனவே விவரம் தெரிந்தவர்கள் கைக்கொள்ளும் உத்தி எதிர்ப்பரிந்துரை. “பாத்தியா?” என்று அவர் வாயெடுக்குமுன் “நான் சொன்ன கொரியன் சீரிஸ் பாத்தியா?” என்று இவர் முந்திக்கொள்வது. இருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். வரவும் செலவும் நேராகி, பேச்சு அப்ரைசல் பக்கம் திரும்பிவிடும். இந்த நல்லிணக்கம் அறுபட வேண்டுமானால் இருவரில் ஒருவர் உண்மையிலேயே தொடரைப் பார்த்துத் தொலைக்க வேண்டும்.

ஆகவே வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பாணனைப்போல் ஒருமுறை சொல்லுங்கள், எதில் இருக்கிறது என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள், பிறகு உங்கள் வழியில் போய்விடுங்கள். இரவலர்களுக்கு இக்கட்டுரை தரக்கூடியது ஓர் ஆலோசனை மட்டுமே. யார் எந்தத் தொடரைச் சொன்னாலும் தாராளமாகத் தலையாட்டுங்கள், “பாக்கறேன்” என்று வாயால் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.